விலங்குகளும் கொரோனா வைரஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 தொடங்கி, செல்லப்பிராணியோடு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதனிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொள்ளுமா, டாக்டர்?" "என்னிடமிருந்து இதற்குப் போகுமா?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உலகம் முழுவதும் நடந்ததைப் பார்த்தால், கோவிட் பெரும்பாலும் நம்மிடமிருந்து அவற்றுக்குத்தான் போயிருக்கிறது. கால்நடை மருத்துவராக என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டுப் பூனையில் தொடங்கிக் காட்டு மான் வரை போகிறது. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரே போய்விடலாம்.

பூனையின் பரிசோதனை அறிக்கையில் 'கொரோனா வைரஸ் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பூனைக்குக் கோவிட்டா?

அநேகமாக இல்லை. அந்த அறிக்கை சொல்வது பெரும்பாலும் பூனைக் கொரோனா வைரஸை. கோவிட்-19 நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 வைரஸ் அதற்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். பூனைக் கொரோனா வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. கோவிட் தலைகாட்டுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே அது பூனைகளின் குடலில் குடியிருக்கிறது. நிறையப் பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளிலும் காப்பகங்களிலும் பெரும்பாலான பூனைகளிடம் அது இருப்பது சாதாரணம்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் அட்டைப்பெட்டியில் இரண்டு பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டு எட்டி நின்றார். கையில் மடித்து மடித்துக் கசங்கிப்போன பரிசோதனைத் தாள். அதில் 'கொரோனா' என்ற சொல்லின் கீழே பேனாவால் இரண்டு கோடுகள். குட்டிகளுக்கு இருந்தது வயிற்றுப்போக்கு மட்டும்தான், சில நாட்களில் நின்றுவிட்டது. குட்டிகளைத் தேற்றுவதைவிட அவரைத் தேற்றி, அவற்றைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப்போக வைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எந்தக் கொரோனா வைரஸ் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அப்படியானால் கொரோனா வைரஸ்கள் எத்தனை வகை?

இது ஒரு பெரிய குடும்பம். மனித மருத்துவர்களுக்கு முன்பே கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான குடும்பமும்கூட. 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மூச்சுத்திணறி மடிந்த கோழிக்குஞ்சுகளைப் பற்றி ஷால்க், ஹான் என்ற இருவர் எழுதியதுதான், பின்னால் கொரோனா என்று பெயர் பெற்ற வைரஸ் நோய் ஒன்றைப் பற்றிய முதல் பதிவு. மனிதர்களுக்குச் சளி பிடிக்கவைக்கும் கொரோனா வைரஸ்கள் 1960களில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வைரஸைச் சுற்றிலும் சூரியனின் ஒளிவட்டம் போல முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. 1968இல் அதை வைத்தே பெயரிட்டார்கள்.

ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று இதில் நான்கு பிரிவுகள். (கோவிட்டின் ஆல்ஃபா, டெல்டா திரிபுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை, எழுத்துகள்தான் ஒன்று.) முதல் இரண்டும் பாலூட்டிகளைப் பிடிப்பவை. காமா பெரும்பாலும் பறவைகளைப் பிடிப்பது, ஆனால் பெலூகா திமிங்கலத்திலும் ஒன்று அகப்பட்டிருக்கிறது. டெல்டா பறவைகளிலும் பன்றிகளிலும் இருக்கிறது. பூனைக் கொரோனா ஆல்ஃபா பிரிவு, கோவிட் வைரஸ் பீட்டா பிரிவு. நாய்களுக்கே இரண்டு உண்டு: குடலைத் தாக்குவது ஆல்ஃபா, மூச்சுக்குழலைத் தாக்குவது பீட்டா.

பூனைக் கொரோனா மனிதருக்குத் தொற்றாது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லையா?

நமக்குக் கவலையில்லை. பூனைக்கு உண்டு.

பெரும்பாலான பூனைகளுக்கு இந்த வைரஸ் லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும், அதுகூட இல்லாமலும் போகும். தொற்றிய பூனைகளில் சிறு பங்குக்கு மட்டும், நூற்றில் ஐந்து முதல் பத்து என்று பொதுவாகச் சொல்வார்கள், வைரஸ் அந்தப் பூனையின் உடலுக்குள்ளேயே மரபணு மாற்றம் அடைகிறது. குடற்சுவரில் பெருகிக்கொண்டிருந்தது, வெள்ளணுக்களில் ஒருவகையான மேக்ரோஃபேஜ்களுக்குள் புகுந்து பெருகக் கற்றுக்கொள்கிறது. கிருமியை விழுங்க வேண்டிய அணுவே அதை உடலெங்கும் சுமந்துசெல்லும் வாகனமாகிவிடுகிறது. இதுதான் எஃப்ஐபி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் வயிற்றுறை அழற்சி நோய். 1963இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட இளம் பூனைகளைத்தான் பிடிக்கிறது.

இதில் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்றில் வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்துக்கொள்ளும். முதுகெலும்பு துருத்தித் தெரியும் மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் பானைபோல் இருக்கும். மற்றதில் நீர் இருக்காது. கண்ணின் நிறம் மாறுவது, நடை தள்ளாடுவது, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல் என்று வரும். கண்டுபிடிக்கச் சிரமமானது இந்த இரண்டாவது வகைதான்.

நீர் கோத்த பூனையில் நாங்கள் செய்யும் ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். ஊசியால் எடுத்தால் அந்த நீர் வைக்கோல் நிறத்தில், தெளிவாக, விரலில் தொட்டால் இழுபடும் பிசுபிசுப்போடு வரும். சோதனைக் குழாயில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, அதில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் கலந்து, அதன்மேல் இந்த நீரில் ஒரு துளியை விடுவோம். கரைந்துபோனால் எஃப்ஐபி இல்லை என்று ஓரளவு நிம்மதி அடையலாம். கரையாமல் அப்படியே உருவத்தோடு, ஜெல்லிமீன் மிதப்பதுபோல் மேற்பரப்பில் தொங்கினாலோ மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ சந்தேகம் வலுக்கிறது. ரிவால்ட்டா சோதனை என்று பெயர். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, வேறு நோய்களிலும் இப்படி வரலாம். ஆனாலும் அந்தத் துளி குழாயில் இறங்குவதைப் பூனையின் சொந்தக்காரரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கும் சில விநாடிகள் மிக நீளமானவை.

எஃப்ஐபி வந்தால் பூனை பிழைக்காது என்கிறார்களே?

அது பழைய செய்தி. நான் தொழிலுக்கு வந்தபோது அந்த வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன், அதனால் இதைத் திருத்தி எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை இயற்கையாக எஃப்ஐபி கண்ட 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 25 பூனைகள் நீண்டகாலம் உயிரோடிருந்தன. ஏறத்தாழ அனைத்தும் இறந்துபோகும் என்றிருந்த நோயில் இது. கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்றும் இதே ஜிஎஸ்-441524தான். அதாவது பூனை நோய் ஆராய்ச்சியும் மனித நோய் ஆராய்ச்சியும் ஒரே மூலக்கூறில் கைகோத்துக்கொண்டன. வழக்கமான சிகிச்சை 84 நாட்கள். சில பூனைகளுக்கு 42 நாட்களே போதும் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டுகிறது. எத்தனை நாள், எவ்வளவு அளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண்ணிலும் நரம்பிலும் நோய் பரவியிருந்தால் அளவு கூடும்.

2023இல் சைப்ரஸ் தீவில் எஃப்ஐபி வழக்கத்துக்கு மாறாகக் கொள்ளைநோய்போல் பரவியது. பொதுவாக மாற்றமடைந்த வைரஸ் ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை. சைப்ரஸில் போனது. பூனைக் கொரோனாவும் நாய்க் கொரோனாவும் கலந்து உருவான புதிய வகை அது. மனிதர்களுக்கென்று வைத்திருந்த கோவிட் மாத்திரை இருப்பைப் பூனைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ள அந்நாட்டு அரசு ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

வீட்டில் நிறையப் பூனைகள் இருந்தால் மலத்தொட்டிகளை அதிகமாக்குங்கள், தினமும் சுத்தம் செய்யுங்கள், தீனித் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். இந்த வைரஸ் மலம் வழியாகத்தான் பரவுகிறது.

நாய்க்கு ஏற்கெனவே கொரோனா தடுப்பூசி போட்டிருக்கிறேன். அது கோவிட்டைத் தடுக்குமா?

தடுக்காது. அது நாயின் குடல் கொரோனாவுக்கானது. அதை மனிதருக்குப் போட்டுக்கொள்வது ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கோவிட் எந்தெந்த விலங்குகளுக்கு வரும்?

வைரஸின் முள் ஒரு சாவி என்றால், அணுவின் மேலுள்ள ஏஸ்-2 என்ற புரதம் பூட்டு. பாலூட்டிகள் பலவற்றிடம் இந்தப் பூட்டு நம்முடையதைப் போலவே இருக்கிறது. அதனால் சாவி ஓரளவு பொருந்துகிறது. பூட்டு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை, ஆனால் தொடக்கம் அங்கேதான்.

2020இன் தொடக்கத்தில் சீனாவின் ஹார்பின் நகர ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பூனைகளுக்கும், கீரியைப் போன்ற சிறு விலங்கான ஃபெரெட்களுக்கும் எளிதாகத் தொற்றியது. நாய்களுக்குக் கொஞ்சம்தான். பன்றி, கோழி, வாத்து ஆகியவற்றில் வைரஸ் பிடிக்கவில்லை. நிஜ வாழ்க்கையிலும் ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஹாங்காங்கில் 17 வயது பொமரேனியன் நாய் ஒன்றிடம் லேசான பாசிட்டிவ் வந்தது 2020 பிப்ரவரி இறுதியில். அதன் சொந்தக்காரருக்குக் கோவிட் இருந்தது. மார்ச்சில் பெல்ஜியத்தில் ஒரு பூனை. ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் நாடியா என்ற நான்கு வயது மலேயப் புலி வறட்டு இருமல் இருமியது. கடைசியில் அங்கே 5 புலிகளுக்கும் 3 சிங்கங்களுக்கும் தொற்று உறுதியானது. அறிகுறி இல்லாத ஒரு பராமரிப்பாளரிடமிருந்து வந்திருக்கும் என்பதே அவர்களின் முடிவு.

அதன்பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. மிங்க், ஹாம்ஸ்டர், கொரில்லா, பனிச்சிறுத்தை, கழுதைப்புலி, வெண்வால் மான். 2021 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பூங்காவில் இரண்டு நீர்யானைகளுக்கு மூக்கு ஒழுகியது. வழக்கமாக ஈரமாகவே இருக்கும் மூக்கில் சளி ஒழுகுவதைக் கவனித்து, பரிசோதிக்கச் சொன்ன பராமரிப்பாளர்களை நான் மதிக்கிறேன்.

நாய்க்கோ பூனைக்கோ கோவிட் வந்தால் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். தெரிந்தால் தும்மல், இருமல், மூக்கிலும் கண்ணிலும் நீர், சோர்வு, காய்ச்சல், சில சமயம் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு. இவற்றுக்கெல்லாம் வேறு நூறு காரணங்களும் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் கோவிட் இல்லாதபோது பூனை தும்மினால் முதலில் நினைக்க வேண்டியது பூனைகளின் சொந்தச் சளி வைரஸ்களைத்தான். எல்லாச் செல்லப்பிராணிகளுக்கும் கோவிட் பரிசோதனை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வந்தவை பெரும்பாலும் தானாகவே தேறிவிடுகின்றன. மூச்சு வாங்கினால், இரண்டு நாள் உண்ணாமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். பூனையாக இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், பட்டினி அதன் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

எனக்குக் கோவிட். என் நாயை, பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வீட்டில் நலமாக உள்ள வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் படுக்கையில் படுக்கவைக்காதீர்கள், முத்தம் வேண்டாம், தட்டைப் பகிர வேண்டாம். தனியாக வாழ்கிறவர் என்றால் முகக்கவசம் அணிந்துகொண்டு, கையைக் கழுவிவிட்டுத் தீனி வையுங்கள். முகக்கவசம் உங்களுக்குத்தான், நாய்க்குப் போடாதீர்கள். நாய்க்கு மூச்சு விடுவதே கடினமாகிவிடும். பூனையை வெளியே விடாமல் வைத்திருக்க முடிந்தால் வையுங்கள். வீட்டை விட்டு விரட்டுவதோ வேறு வீட்டுக்கு அனுப்புவதோ எந்தப் பயனும் தராது.

முக்கியமான ஒன்று. காய்ச்சலுக்கு உங்களுக்கு எழுதிக்கொடுத்த பாரசிட்டமால் மேசைமேல் இருக்கும். பூனைக்கும் உடம்பு சுடுகிறதே என்று அதில் பாதியைக் கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றத் தெரியாது. ஒரு மாத்திரையே அதைக் கொல்லப் போதும். ஈறுகள் இளஞ்சிவப்பிலிருந்து சேற்று நிறத்துக்கு மாறி, முகம் வீங்கி வந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் அன்பினால் கொடுத்தவர்கள்.

நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் சானிடைசரால் பாதங்களைத் துடைக்கலாமா?

கூடாது. சாதாரணத் தண்ணீரும் விலங்குகளுக்கான சோப்பும் போதும். ஆல்கஹாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தோலைப் புண்ணாக்கும். தரை துடைக்கும் கிருமிநாசினிகளில் உள்ள பென்சல்கோனியம் குளோரைடு பூனையின் பாதத்தில் பட்டு, அது நக்கினால் நாக்கு வெந்துவிடும்.

விலங்கிடமிருந்து மனிதருக்குக் கோவிட் வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தாய்லாந்தில் கோவிட் உறுதியான ஒருவரின் பூனையின் மூக்கில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு கால்நடை மருத்துவர். பூனை அவர் முகத்துக்கு நேரே தும்மியது. கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தார், கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. சில நாட்களில் அவருக்குக் கோவிட். வைரஸின் மரபணுவும் ஒத்துப்போனது. அதைப் படித்ததிலிருந்து நான் கண்ணாடி இல்லாமல் பூனையின் மூக்கில் குச்சி விடுவதில்லை.

2022 ஜனவரியில் ஹாங்காங்கில் செல்லப்பிராணிக் கடை ஊழியர் ஒருவருக்கு வந்த டெல்டா திரிபு அங்கிருந்த ஹாம்ஸ்டர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. ஏறத்தாழ 2,000 சிறு விலங்குகளைக் கொன்றார்கள். மிங்க் பண்ணைகளிலிருந்தும் வந்தது, அதை அடுத்து விரிவாகச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் மானிடமிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படும் நிகழ்வுகளும் உண்டு.

இவற்றைக் கோடிக்கணக்கான மனிதத் தொற்றுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பூனை உங்களுக்குத் தருவதைவிட, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தரும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம்.

டென்மார்க்கில் ஏன் அத்தனை மிங்க்குகளைக் கொன்றார்கள்?

மிங்க் என்பது மென்மயிர்த் தோலுக்காகக் கூண்டில் வளர்க்கப்படும், கீரியைப் போல நீண்ட உடல்கொண்ட சிறு விலங்கு. ஃபெரெட்டின் இனம். கோவிட் வைரஸுக்கு அதன் மூச்சுக்குழல் நல்ல வசதி. கூண்டுகள் வரிசை வரிசையாக, ஒன்றின் மூச்சு அடுத்ததன் முகத்தில் படும்படி இருக்கும். ஒரு தொழிலாளி நோயோடு உள்ளே போனால் போதும்.

2020 ஏப்ரலில் நெதர்லாந்துப் பண்ணைகளில் முதலில் தெரிந்தது. விலங்குகளிடம் சுற்றித் திரிந்து மாற்றமடைந்த வைரஸ் திரும்பவும் பண்ணை ஊழியர்களைப் பிடித்தது. பண்ணைகளைச் சுற்றித் திரிந்த பூனைகளிலும் தொற்று காணப்பட்டது. டென்மார்க்கில் முள் புரதத்தில் பல மாற்றங்கள் கொண்ட ஒரு வகை 12 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டதும், தடுப்பூசி வேலை செய்யாமல் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. நவம்பர் 4 அன்று பிரதமர் மெட்டே ஃபிரெடரிக்சன் நாட்டிலுள்ள எல்லா மிங்க்குகளையும் கொல்ல உத்தரவிட்டார். சுமார் 1.5 கோடி முதல் 1.7 கோடி விலங்குகள். நோய் இல்லாத பண்ணைகளைச் சேர்த்துக் கொல்ல அரசுக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்பது பிறகு தெரிந்து, வேளாண் அமைச்சர் மோகன்ஸ் யென்சன் பதவி விலகினார். அவசரமாக ஆழமில்லாமல் புதைத்ததில், அழுகும் வாயு உடல்களை மண்ணுக்கு மேலே தள்ளியது. நிலத்தடி நீர் கெடும் என்ற பயத்தில் 2021இல் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

கொன்றது சரியா, தவறா என்று என்னிடம் கேட்பார்கள். பரவும் பண்ணையை முடக்குவது தேவைதான். ஆனால் என் மனம் அதற்கு முந்தைய கேள்வியில் நிற்கிறது. தனித்து வாழும் இயல்புள்ள ஒரு வேட்டை விலங்கை ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் அடைத்து வைத்தோம். அந்த ஏற்பாடு வைரஸுக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு. நெதர்லாந்து மிங்க் வளர்ப்பையே திட்டமிட்டதற்கு முன்னதாக, 2021 தொடக்கத்தில் முடித்துக்கொண்டது.

காட்டு விலங்குகளுக்கும் பரவிவிட்டதா?

2020 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நோய் பரவிய பண்ணைக்கு அருகில் ஒரு காட்டு மிங்க்கிடம் கோவிட் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அடைப்புக்கு வெளியே வாழும் விலங்கில் அதுதான் முதல் உறுதியான பதிவு. அப்போது யாரும் எதிர்பார்க்காதது வெண்வால் மான்.

அயோவா மாநிலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 ஜனவரி வரை 283 மான்களின் நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்தார்கள். 94 மான்களில் வைரஸ் இருந்தது, மூன்றில் ஒன்று. குளிர்காலத்தில், வேட்டைப் பருவத்தை ஒட்டி விகிதம் இன்னும் ஏறியது. மான்கள் மந்தையாக மேய்கின்றன, மூக்கோடு மூக்கு உரசுகின்றன. மனிதர் வைக்கும் தீனி, வேட்டை, கழிவுநீர் என்று நம்மைத் தொடும் வழிகளும் பல. மனிதர்களிடம் மறைந்துபோன ஆல்ஃபா, காமா திரிபுகள் மான்களிடம் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. மான்கள் நோய்வாய்ப்பட்டு விழவில்லை. கவலை வேறு: நாம் மறந்துவிட்ட ஒரு வைரஸ் நமக்குத் தெரியாத வழியில் மாறிக்கொண்டு அங்கே இருக்கிறது. அதனால்தான் காட்டு விலங்குகளுக்குக் கையால் தீனி கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

அருகிவரும் இனங்களுக்கு இது எவ்வளவு ஆபத்து?

எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இனத்தில் ஒவ்வொரு இறப்பும் கனமானது. 2021 நவம்பரில் நெப்ராஸ்காவின் லிங்கன் பூங்காவில் மூன்று பனிச்சிறுத்தைகள் கோவிட் சிக்கல்களால் இறந்தன. அதே ஆண்டு ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் தொற்று பரவி, நீலா என்ற பெண் சிங்கமும் அடுத்து ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. 2021 ஜனவரியில் சான் டியாகோவில் எட்டு கொரில்லாக்கள் நோயுற்றன. அவற்றில் இதயநோயும் நிமோனியாவும் சேர்ந்திருந்த வின்ஸ்டன் என்ற முதிய ஆண் கொரில்லாவுக்கு ஆன்டிபாடி சிகிச்சை கொடுத்தார்கள், தேறிவிட்டது.

தடுப்பூசி இங்கே பயன்பட்டது. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரெட் ஒரு காலத்தில் அழிந்தே போனதாகக் கருதப்பட்ட இனம். மிங்க்குகளுக்கு நேர்ந்ததைப் பார்த்த அதன் காப்பாளர்கள் காத்திருக்கவில்லை. 2020இலேயே கொலராடோ இனப்பெருக்க மையத்தில் சுமார் 120 ஃபெரெட்களுக்குப் பரிசோதனைத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு சான் டியாகோவில் ஒராங்குட்டான்களுக்கும் சிம்பன்சியைப் போன்ற போனபோக்களுக்கும் விலங்குகளுக்கென்றே தயாரித்த ஊசி போடப்பட்டது.

காட்டில் வாழும் குரங்கினங்களுக்கு ஊசி எளிதல்ல, தூரம்தான் மருந்து. நமக்கு வெறும் ஜலதோஷத்தைத் தரும் ஓசி-43 என்ற கொரோனா வைரஸ், கோவிட்டுக்கு முன்பே, 2016-17இல் ஐவரி கோஸ்ட் நாட்டின் டாய் என்ற காட்டில் வாழும் சிம்பன்சிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மலைக் கொரில்லாக்களைப் பார்க்கச் செல்வோர் 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி கோவிட்டுக்குப் பின் 10 மீட்டர் ஆனது, முகக்கவசமும் கட்டாயமானது. லேசாகச் சளி இருந்தால் போகாதீர்கள். எவ்வளவு செலவு செய்து வந்திருந்தாலும் போகாதீர்கள்.

வௌவால்கள்தானே காரணம்? அவற்றை விரட்டிவிட்டால் என்ன?

சார்ஸ், கோவிட் வைரஸ்களின் நெருங்கிய உறவுகள் குதிரைலாட வௌவால்களில் இருப்பது உண்மை. லாவோஸ் வௌவால்களில் கண்ட ஒன்று கோவிட் வைரஸோடு 96.8% ஒத்துப்போகிறது. அந்தச் சில சதவீத வித்தியாசம் சிறியதல்ல, பல ஆண்டுப் பரிணாமம் அதில் இருக்கிறது. உங்கள் மரத்தில் தொங்கும் வௌவாலிடம் கோவிட் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை.

விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டாவில் பாடம் இருக்கிறது. கிட்டாகா சுரங்கத் தொழிலாளர்களுக்கு 2007இல், எபோலாவைப் போலக் கொடிய காய்ச்சலைத் தரும் மார்பர்க் வைரஸ் வந்தது, அங்கிருந்த பழந்தின்னி வௌவால்களை அடியோடு அழித்தார்கள். 2012இல் அந்தப் பகுதியில் மறுபடியும் மார்பர்க். திரும்பி வந்து குடியேறியிருந்த வௌவால்களைப் பரிசோதித்தால், முன்பு 5.1% ஆக இருந்த தொற்று 13.3% ஆகியிருந்தது. பழைய கூட்டம் போய், நோயெதிர்ப்பு இல்லாத புதுக் கூட்டம் வந்ததால் நோய் பெருகியிருக்கலாம். கூட்டைக் கலைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஒட்டகத்திடமிருந்து கொரோனா வருமா?

மெர்ஸ் வரும். 2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட இந்த நோயின் வைரஸ் ஒற்றைத் திமில் ஒட்டகங்களில் வாழ்கிறது. ஒட்டகத்துக்கு மூக்கு ஒழுகுவதோடு சரி. மனிதரில் உறுதியானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஒட்டகப் பண்ணைக்குப் போனால் மூக்கைத் தொட வேண்டாம், காய்ச்சாத பால் வேண்டாம்.

மாடு, பன்றி, கோழி?

கோவிட் அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. அவற்றுக்கென்று சொந்தக் கொரோனாக்கள் உண்டு, வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கன்றுகளுக்கு முதல் மூன்று வாரங்களில் வரும் கழிச்சலுக்கு ஒரு காரணம் மாட்டுக் கொரோனா வைரஸ். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறாரச் சீம்பால் குடிப்பதே பெரிய பாதுகாப்பு. மேலே சொன்ன ஓசி-43 இந்த மாட்டு வைரஸின் நெருங்கிய உறவு. 1890ஐ ஒட்டி மாட்டினத்திலிருந்து மனிதருக்குத் தாவியிருக்கும் என்று மரபணுக் கணக்குகள் சொல்கின்றன. இன்று நாம் தும்மிவிட்டு மறந்துபோகும் சளி அது.

பன்றிகளுக்குத்தான் கொடுமை. 2013இல் அமெரிக்காவுக்குள் புகுந்த பன்றிக் கழிச்சல் கொரோனா ஒரே ஆண்டில் பல லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்றது. பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டிகள் ஏறக்குறைய எதுவும் தப்பவில்லை. கோழிகளின் மூச்சுக்குழல் அழற்சி மனிதருக்கு வராது. மூச்சில் கரகரப்பு, ஓட்டில் சுருக்கம் விழுந்த முட்டை, தண்ணீராய் ஓடும் வெள்ளைக்கரு என்று கண்டால் மருத்துவரை அழையுங்கள். நன்றாக வேகவைத்த இறைச்சியும் முட்டையும் காய்ச்சிய பாலும் கோவிட்டைத் தருவதில்லை.

நோயுற்ற அல்லது இறந்த காட்டு விலங்கைப் பார்த்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், நாயை நெருங்க விடாதீர்கள். தூரத்திலிருந்தே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வனத்துறைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். எத்தனை விலங்குகள், எந்த நிலையில், எப்போது பார்த்தீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்ததுபோல. அது உயிரோடு இருந்து, மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தால், கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்து சேரும்வரை அதற்குத் தேவைப்படுவது நிழலும் அமைதியும்தான்.